இழுக்கிறவன் மேல் பாரம்

மாசிலாமணி வண்டி ஓட்டினால் பின்னால் வைத்த தயிர்ப்பானை தளும்பாது. இதை அவன் வீட்டார் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. விழுப்புரத்து லாரி ஷெட்டுகளில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கிளீனராக ஏறி, டிரைவராகி, பம்பாய் லைனில் ஆறு வருஷம் ஓட்டியவன். கண்ணாடி துடைக்க ஒரு துணி, கை துடைக்க ஒரு துணி என்று தனித்தனியாக வைத்திருப்பான். ஒருநாளும் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்ததில்லை.

அவனுக்கு இருந்த ஏக்கம் ஒன்றே ஒன்று. தினமும் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பம்பாய் லைனில் போகிறவனுக்கு அது நடக்காது. தீபாவளிக்கு சோலாப்பூரில் இருப்பான், பொங்கலுக்கு பூனாவில் இருப்பான். வழியோரத்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேப்பைக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் நினைத்துக்கொள்வான். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா தையல்நாயகியிடம், "வட்டல்ல சோறு போடும்போது நம்ம வூட்டுப் பூனை வந்து காலச் சுத்துது பாரு, அது பம்பாய்ல கிடைக்காதுக்கா" என்பான். தையல்நாயகி பக்கத்து ஊரான காணையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தம்பி வருகிறான் என்று தெரிந்தால் அவனுக்கு முன்னால் அவள் வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் அவனுடைய ஏக்கத்துக்கு வழி பிறந்தது. பாண்டிச்சேரியில் ஒருவர் பழைய டெம்போ ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தான். தட்டை முகம், பின்னால் திறந்த தொட்டி. மாசிலாமணி வழக்கம்போல முதலில் வண்டிக்கு அடியில்தான் புகுந்தான். லாரியில் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு நீளமாக ஒரு தண்டு ஓடுமே, அது இதில் இல்லை. வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இன்னாங்க, பாதி வண்டியக் காணோம்?" என்று கேட்டான்.

விற்கிறவர் சிரித்தார். "இது முன் சக்கரத்துல இழுக்கிற வண்டி தம்பி. லாரி மாதிரி பின்னாலருந்து தள்றது இல்ல. அடியில தண்டு இல்லாததாலதான் தொட்டி இவ்ளோ தாழ்வு. மூட்ட ஏத்தறவன் உன்னக் கும்புடுவான்."

அது உண்மைதான். இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் மூட்டை உள்ளே போய்விடும். மாசிலாமணிக்கு அங்கேயே வண்டிமேல் மனசு விழுந்துவிட்டது.

அப்பா விருத்தாசலம் அதற்குச் சம்மதித்ததுதான் பெரிய விஷயம். அவர் ஒரு ஜோடி மாடும் பார வண்டியும் வைத்து அந்தச் சுற்று வட்டாரம் முழுக்கப் பேர் எடுத்தவர். பாரம் அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அடுக்கி முடித்த வண்டியின் நுகத்தடியை ஒற்றை விரலால் தூக்கலாம். மாட்டின் கழுத்தில் ஒரு தழும்பு இருக்காது. முழங்கால் வலி வந்த பிறகு, "மாட்ட வித்துட்டு நீ அந்த வண்டியப் புடி. வூட்டோட இரு" என்று அவரேதான் சொன்னார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது மட்டும் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

டெம்போ வந்து நின்றதும் விருத்தாசலம் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தைத் தட்டினார், பின் சக்கரத்தைத் தட்டினார்.

"இதுல மாடு எங்க இருக்குது?"

"முன்னால நைனா. முன் சக்கரந்தான் இழுக்குது. பின் சக்கரம் சும்மா கூட வரும்."

"அப்ப நம்ம வண்டி மாதிரிதான்னு சொல்லு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "லாரிக்காரனுங்களுக்கு இது தெரியாதுடா. பாரம் அடுக்கற வேலைய நீ எங்கிட்ட வுட்டுடு."

மாசிலாமணிக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மாடு இல்லாமல் அப்பா என்ன செய்வாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

முதல் பாரம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகள். துரைக்கண்ணுவும் அவருடைய ஆட்களும் மூட்டை தூக்க வந்தார்கள். துரைக்கண்ணு அம்மா வழியில் மாமன் முறை, வாய் சும்மா இருக்காத மனிதர். விருத்தாசலம் தொட்டியில் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொரு மூட்டையையும் எங்கே போட வேண்டும் என்று கையைக் காட்டினார். கேபினை ஒட்டி ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, மிச்சத்தையெல்லாம் பின் பக்கமாக ஏற்றினார். தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம்போல அழகாக இருந்தது.

"முன்னால இம்மா எடம் கெடக்குதே மச்சான்?" என்றார் துரைக்கண்ணு.

"எஞ்சின் எங்க இருக்குது? முன் சக்கரத்து மேல. இவனும் அங்கதான் குந்தப் போறான். பாரத்த இழுக்கிறதும் அதே சக்கரம். இழுக்கிறவன் தலமேல மூட்டையும் வெச்சா அது தாங்குமா? பாவம் இல்ல?"

ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். மாடு கட்டிப் பழகிய யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. மாசிலாமணிக்கும் தெரியவில்லை.

அவர்கள் ஊரிலிருந்து எந்தப் பாரம் வெளியே போனாலும் ஏரிக்கரை ஏறித்தான் போக வேண்டும். வயல் பக்கத்திலிருந்து கரை மேலுக்குச் செங்குத்தாக ஒரு ஏற்றம். வழி முழுக்கச் செம்மண் சரளை. டெம்போ உறுமிக்கொண்டு பாதி தூரம் போனது. பிறகு முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. சரளை நாலாபக்கமும் தெறித்தது. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. கடைசியில் துரைக்கண்ணு ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளி ஏற்றினார்கள்.

"மூட்டையத் தூக்கினா கூலி. வண்டியயும் தூக்கறதுக்கு இன்னாடா குடுப்ப?" என்று துரைக்கண்ணு மேல்மூச்சு வாங்கக் கேட்டார்.

அன்றைக்குத் தொடங்கிய வம்பு அது. கரை ஏறிவிட்டால் டெம்போ தங்கம். விழுப்புரம் போய்த் திண்டிவனம் ரோட்டைப் பிடித்தால் சிட்டாய்ப் பறக்கும். ஆனால் அந்த ஏற்றத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் தள்ளு முள்ளு. மாசிலாமணி டயரை மாற்றினான், கிளட்ச்சைப் பார்த்தான், டீசல் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். காலி வண்டியாக ஏற்றினால் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளி ஏறுகிறது. பாரம் வைத்தால் சண்டித்தனம் பண்ணுகிறது. ஊரில் அதற்குச் 'சண்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பால் ஊற்ற வருகிறவன்கூட, "சண்டி இன்னிக்கு எந்திரிச்சுதா மணி?" என்று விசாரித்துவிட்டுப் போனான். மெல்ல மெல்ல ஊர்ப் பாரங்கள் டிராக்டர்களுக்குப் போக ஆரம்பித்தன. பழைய லாரி முதலாளியும் விஷயத்தைக் கேள்விப்பட்டு, பம்பாய் லைனுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று சொல்லி அனுப்பினார்.

காரணம் தெரிந்தது தையல்நாயகியின் மாமியார் புண்ணியத்தில். அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம். தையல்நாயகி தன் மாமியாரையும் இரண்டு நாத்தனார்களையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். போகிற வழியில் இவர்களை இறக்கிவிட்டுவிடலாம் என்று மாசிலாமணி நால்வரையும் கேபினிலேயே ஏற்றிக்கொண்டான். மாமியாரும் நாத்தனார்களும் நல்ல ஆகிருதி. கதவைச் சாத்த வெளியிலிருந்து துரைக்கண்ணு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னால் கேப்பை மூட்டைகள், அப்பா அடுக்கிய அடுக்கு.

ஏற்றம் வந்தது. மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். டெம்போ ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் கரைமேல் போய் நின்றது.

தள்ளுவதற்குத் தயாராகப் பின்னாலேயே வந்த ஆட்கள் பாதி வழியில் திகைத்து நின்றார்கள். தையல்நாயகி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா மாமா, வண்டி ஆம்பளைங்களப் பாத்தாதான் சண்டி பண்ணுது போல?" என்று கத்தினாள்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. அவர்களை அனந்தபுரத்தில் இறக்கிவிட்டான். திரும்பி வரும்போது ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரம் கிளறிப்போட்ட பழைய பள்ளங்களைக் குனிந்து பார்த்தான். பின் சக்கரத் தடம் ஆழமாக, அழுத்தமாகப் பதிந்திருந்தது. முன் சக்கரத் தடம் கோழி கிளறின மாதிரி மேலாக இருந்தது. முன் சக்கரத்துக்கு மண்ணைப் பிடிக்கப் பிடிமானம் இல்லை. பின்பாரம் அதைத் தூக்கிவிடுகிறது; இன்றைக்குக் கேபினில் ஏறியவர்களின் கனம்தான் அதை அழுத்திப் பிடித்தது. இதன் தலையில் பாரம் வைப்பது பாவமில்லை, வைக்காததுதான் பாவம்.

தெரிந்துவிட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? சின்ன வயசில் திருவிழாவுக்கு அப்பா வாங்கி வந்த சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியபோதும், "நல்லாருக்குது நைனா" என்று போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனவன் அவன். மாட்டையும் விற்றுவிட்டு அந்த அடுக்கு ஒன்றைத்தான் மனிதர் வைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா அடுக்கி முடித்துக் குளிக்கப் போனதும் சில மூட்டைகளைத் தானே முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டான். வண்டி ஏறியது. மறுநாள் விருத்தாசலம் கண்டுபிடித்துவிட்டார்.

"என் அடுக்க யாரு கலைச்சது?"

"பிரேக் புடிச்சேன் நைனா. மூட்ட முன்னால சரிஞ்சிக்கினு வந்துடுச்சு."

"அப்படியா?" என்று யோசித்த விருத்தாசலம், அதற்கப்புறம் மூட்டைகளை இன்னும் பின்னுக்குத் தள்ளி, சரியாதபடி புதுக் கயிறு வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்து மாசிலாமணி வேறு வித்தை பண்ணினான். ஏற்றத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸிலேயே ஏற்றினான். அப்போது முன் சக்கரம் பள்ளத்துப் பக்கம் இருக்கும், பாரம் அதன்மேல் இறங்கும், பிடி கிடைக்கும். அருமையாக ஏறியது. ஆனால் கரைமேல் வண்டியைத் திருப்ப இடமில்லை. மெயின் ரோடு வரைக்கும் பின்பக்கமாகவே போக வேண்டும். கோபுரம்போல மூட்டை மறைப்பதால் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. துரைக்கண்ணு பின்னால் நடந்துகொண்டே, "வா வா வா, ஒடி ஒடி, வா" என்று குரல் கொடுப்பார்.

"ஊர வுட்டுப் போறப்ப எல்லாரும் ரோட்டப் பாத்துக்கினு போவாங்க. மணி வண்டி மட்டும் ஊரப் பாத்துக்கினே போவுதுடா. இம்மா பாசம் எந்த வண்டிக்கு வரும்?" என்று அவர் சொன்னது காணை வரை பரவியது. ஒருநாள் பீடி பற்றவைக்கிற மும்முரத்தில் அவர் குரல் கொடுக்க மறந்தார். டெம்போவின் பின்புறம் பனைமரத்தில் போய் மோதி, ஒரு மூட்டை ஏரிக்குள் உருண்டது. ரிவர்ஸ் பயணம் அன்றோடு முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் அப்துல் சுக்கூர் பாய் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, திண்டிவனத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தார். சித்திரை அறுவடை மல்லாட்டை முழுவதையும் அந்த ஊர்க் களத்திலிருந்தே வாங்கப் போகிறார். அதை மில்லுக்குக் கொண்டுபோக நிரந்தரமாக ஒரு வண்டி வேண்டும். அந்தப் பாரம் கிடைத்தால் மாசிலாமணிக்குச் சீசன் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் டெம்போவைக் கொடுத்துவிட்டுப் பம்பாய் லாரியில் ஏறிவிட வேண்டியதுதான். லாரி முதலாளிக்கு அந்த வாரமே பதில் சொல்லியாக வேண்டும்.

"வண்டியப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க தம்பி" என்றார் பாய். "நான் என் கண்ணால பாக்கணும். நாளைக்குக் காலையில வர்றேன். ஒரு பாரம் ஏத்துங்க. கரை ஏறட்டும், பேசிக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் தையல்நாயகி வந்துவிட்டாள். அவளிடம் மட்டும் மாசிலாமணி விஷயத்தைச் சொல்லியிருந்தான். களத்தில் விருத்தாசலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தொட்டியில் நின்றார். பாய்க்குத் தன் கைவரிசையைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு அன்றைக்குத் தனி உற்சாகம்.

"நீ சொல்லப் போறியா, நான் சொல்லட்டுமா?" என்று தையல்நாயகி தம்பியின் காதைக் கடித்தாள்.

"நீ சும்மா இருக்கா. மனுஷன் எவ்ளோ சந்தோஷமா அடுக்கறாரு பாரு."

"அடுக்கட்டும், அடுக்கட்டும். நீ பூனாவுல குந்திக்கினு அந்தச் சந்தோஷத்த நெனச்சி நெனச்சி ரொட்டி தின்னு."

பாரம் ஏறி முடிந்தது. இதுவரை அடுக்கியதிலேயே அழகான அடுக்கு அது. அவ்வளவும் பின்னால். சுக்கூர் பாய் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு ஏற்றத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

மாசிலாமணி வண்டியை எடுத்தான். பாதி ஏற்றத்தில் முன் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சரளை தெறித்துப் பாயின் வெள்ளைச் சட்டையில் செம்புள்ளிகளாக விழுந்தது. அவன் கீழே இறக்கி, மறுபடி வேகம் பிடித்து ஏற்றினான். அதே இடம், அதே சுற்று.

பாய் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "தம்பி, உன்னப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா தினம் இந்தப் பேஜாரு நமக்கு ஆவாதுப்பா. நான் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்று ஸ்கூட்டரை நோக்கித் திரும்பினார்.

துரைக்கண்ணு ஆட்கள் வழக்கம்போலத் தள்ள வந்தார்கள். மாசிலாமணி அவர்களைக் கையமர்த்திவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். பின் சக்கரத்துக்கு இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தான். துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போனான். அவர் ஏற்றத்து ஓரத்தில் உதடு வறண்டு நின்றிருந்தார்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். நம்ம மாட்டு வண்டிய இந்த ஏத்தத்துல ஓட்டிக்கினு வருவியே, அப்ப நீ எங்க குந்துவ?"

"இன்னாடா கேள்வி இது, இந்த நேரத்துல?"

"சொல்லு நைனா."

"ஏர்க்கால் மேல எறங்கிக் குந்துவேன். மாட்டு வாலண்ட."

"மாடு ரெண்டும் முக்கி முக்கி இழுக்குது. நீ போயி அதுங்க மேல பாரம் ஏத்தறியே, பாவம் இல்லியா?"

"போடா கூறு கெட்டவனே! ஏத்தத்துல பாரம் பின்னால சாயும். நுகம் மேல தூக்கிக்கும். பூட்டாங்கயிறு கழுத்த இறுக்கும். மாட்டுக்குக் காலு தரையில ஊனவே ஊனாது. அதுக்குத்தான்..."

விருத்தாசலம் அப்படியே நின்றுவிட்டார். டெம்போவின் முன் சக்கரத்தைப் பார்த்தார். முழங்கால் வலியையும் மறந்து அதன் பக்கத்தில் குந்தினார். சக்கரம் கிளறிய மண்ணை அள்ளிப் பார்த்தார், பிறகு பின் சக்கரத்தின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். 

"காலு ஊனலடா இதுக்கு" என்றார் விருத்தாசலம், தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி.

"ஆமா நைனா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

மாசிலாமணி தரையைப் பார்த்தான். "அக்கா மாமியாருங்கள ஏத்திக்கினு போனேனே, அன்னிக்கி."

"அன்னிக்கே தெரியும். அப்புறம் இம்மா நாளா என்னையும் அடுக்க வுட்டு, வண்டியயும் திண்டாட வுட்டியா? மாட்டுக்குத்தான் வாயில்ல. உனக்குமாடா இல்ல?"

"நீ அடுக்கினதுன்னு..."

"அடுக்கினா? கலைச்சா மறுபடி அடுக்கத் தெரியாதவனா நானு?"

எழுந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் கால் வைத்தார். அடுத்த நிமிஷம் ஏரிக்கரை அதிர்ந்தது. "துரைக்கண்ணு! இன்னாய்யா வேடிக்க? கயித்த அவுரு. பின் வரிசை பூரா கேபின ஒட்டி வரட்டும். ஜல்தி! பாய், வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஒரு வாய் வெத்தல போடற நேரம் நில்லுங்க!"

சுக்கூர் பாய் ஸ்கூட்டர் மேல் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கும் வேடிக்கை பிடித்துவிட்டது. மூட்டைகள் முன்னால் போகப் போக டெம்போவின் தட்டை முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. பின்பக்கம் மட்டமானது. கோபுரம் போய், நெற்குதிர் மாதிரி அடக்கமாக ஒரு அடுக்கு வந்தது. முடித்துவிட்டு விருத்தாசலம் கேபின் கதவைத் திறந்தார்.

"பாய், நீங்களும் வந்து குந்துங்க."

"நான் எதுக்குங்க?"

"அல்லா உங்களுக்குக் குடுத்த ஒடம்புக்கு இன்னிக்கி ஒரு வேல இருக்குது."

கூடியிருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடப் பாய்தான் உரக்கச் சிரித்தார். வயிற்றை எக்கிக்கொண்டு நடுவில் அவர், ஓரத்தில் விருத்தாசலம். மாசிலாமணி கல்லை எடுக்கச் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டான். டெம்போ ஒரு முறை அசைந்தது. சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கல்கூடத் தெறிக்கவில்லை. கரைமேல் வந்து நிற்கும்போது விருத்தாசலம் கண்ணாடி வழியாக எட்டி முன் சக்கரத்தைப் பார்க்க முயன்று, தெரியாமல், "ஊனுச்சா?" என்று கீழே நின்ற தையல்நாயகியைக் கேட்டார்.

"ஊனுச்சு நைனா!" என்று அவள் கை தட்டினாள்.

பாய் இறங்கவில்லை. "இப்படியே மில்லு வரைக்கும் வர்றேன், ஸ்கூட்டர் இங்கியே கெடக்கட்டும்" என்றார். விழுப்புரம் தாண்டும்போதே பேச்சு முடிந்துவிட்டது. சீசன் முழுவதும் இந்த வண்டிதான், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் மில் கிடையாது. பாய்க்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. "பெரியவரு கையாலதான் அடுக்கணும்."

"பின்ன? வேற எவனுக்கு இந்த வண்டியோட கொணம் தெரியும்?" என்றார் விருத்தாசலம். திண்டிவனம் வந்து சேர்வதற்குள், முன்னால் இழுக்கிற வண்டிக்கு எப்படிப் பாரம் வைக்க வேண்டும் என்று பாய்க்கு இரண்டு தடவை விளக்கியும்விட்டார். அதெல்லாம் பிறந்ததிலிருந்தே தனக்குத் தெரியும் என்பது மாதிரிதான் இருந்தது அவர் பேச்சு. மாசிலாமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா நைனா", "ஆமா நைனா" என்று ஓட்டிக்கொண்டிருந்தான்.

காலி வண்டியோடு திரும்பும்போது விழுப்புரத்தில் லாரி ஷெட்டு வாசலில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போய், பம்பாய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொன்னான். ஏன், என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, "வூட்ல சாப்பாட்டுக்கு வரச் சொல்லிக்கிறாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.